பார்க்காதவர் முன்னால் வரலாம்

பிப்ரவரி 7, புதன்
போர்ட் பிளேர்

வந்து சேர்ந்தோம். விமானத்தில் ஜன்னல் இருக்கையை நான் எடுத்துக்கொண்டேன். தீவுகள் தெரியும்போது படம் எடுக்க வேண்டும் அல்லவா. என் மனைவி தெய்வானை நடு இருக்கையில் வழி நெடுகத் தூங்கினாள்.

ஈரோட்டில் எங்கள் ஞாயிறு பறவைக் குழுவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். நூல் கடையை மகனிடம் விட்டுவிட்டு ஏரி ஏரியாக அலைந்தவன். அந்தமானுக்கு மட்டும் வந்ததில்லை. உலகத்தில் வேறெங்கும் இல்லாமல் இங்கே மட்டும் வாழும் பறவைகள் இருக்கின்றன. அவற்றில் எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அந்தமான் கானாங்கோழி. காட்டுத் தரையில் சருகுக்குள் நடமாடும் செம்பழுப்புக் கோழி, லேசில் வெளியே வராது. குழு வெளியிடும் அடுத்த வருட நாள்காட்டியின் அட்டைக்கு அதன் படத்தோடுதான் திரும்பி வருவேன் என்று குழுவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

தெய்வானைக்கு இது முதல் பறவைப் பயணம். கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றாள். வீட்டில் தனியாக உட்கார்ந்து என்ன செய்வாள் என்று நான்தான் கூட்டி வந்தேன். என் பழைய பைனாகுலரைக் கொடுத்திருக்கிறேன். ஒரு பக்கக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்திருக்கிறது. புதிதாகப் பார்ப்பவளுக்கு அது போதும்.

மொத்தம் எட்டுப் பேர். கூட்டிப் போகிறவர் செல்வின், தூத்துக்குடிக்காரர், பறவை ஆராய்ச்சி செய்கிறார். சென்னையிலிருந்து பல் டாக்டர் பத்ரி வந்திருக்கிறார். என்னிடம் இருக்கும் அதே பெரிய லென்ஸ் அவரிடமும் இருக்கிறது. பார்த்ததும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

சாயங்காலம் விடுதித் தோட்டத்தில் நிற்க வைத்து செல்வின் விதிகளைச் சொன்னார். பறவையைப் பார்த்தால் கத்தக் கூடாது, கையைத் தூக்க வேண்டும். அந்தப் பறவையை இதுவரை பார்க்காதவர் முன்னால் வரலாம், பார்த்தவர் பின்னால் ஒதுங்க வேண்டும். சொல்லி முடிக்கும் முன்பே தெய்வானை கையைத் தூக்கினாள். ஏதோ சந்தேகம் கேட்கிறாள் என்று நினைத்தோம். செல்வினின் தலைக்கு மேலே, தென்னையில், அந்தமான் கரு மரங்கொத்தி.

"அக்கா, வந்த அன்னைக்கே இதெல்லாம் யாருக்கும் கெடைக்காது" என்றார் செல்வின்.

தற்செயலாக நடந்ததுதான்.

பிப்ரவரி 8, வியாழன்

சிடியா டாப்பு. நாள் முழுக்கக் காடு. ஒரு மரப்பொந்தில் பட்டையோடு பட்டையாகக் கண்மூடிக் கிடந்த சிறு ஆந்தையைத் தெய்வானைதான் முதலில் பார்த்தாள். பிறகு பச்சைப்புறா, பிறகு ஒரு பாம்புக்கழுகு. அவள் கையைத் தூக்கினால் போதும், ஏழு பேரும் ஓடுகிறார்கள். "எங்கக்கா, எங்கக்கா?" என்று கோழிக்குஞ்சு மாதிரி கத்துகிறார்கள். கத்தக் கூடாது என்ற விதி என்ன ஆயிற்று?

நான் ஒரு தடவை கூட "எங்கே?" என்று கேட்கவில்லை. நானே தேடிக்கொண்டேன். கிடைத்தது பாதி, கிடைக்காதது பாதி.

மதியம் ஒரு பாறை மேல் பக்கி ஒன்று படுத்திருப்பதைக் கண்டு நான் கையைத் தூக்கினேன். இரவில் பறக்கும் பறவை, பகலில் தரையோடு ஒட்டிக் கிடக்கும். எல்லோரும் வந்து நின்று வெகுநேரம் படம் எடுத்தோம். கடைசியில் செல்வின் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் அதைக் கையில் எடுத்து வந்தார். தேங்காய் மட்டை. டாக்டர் பத்ரி சிரிக்கவில்லை. ஆனால் சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தார்கள்.

"உனக்குத் தெரியுமா அது மட்டைன்னு?" என்று தெய்வானையிடம் தனியாகக் கேட்டேன்.

"வந்து நின்னதுமே தெரியுங்க. எல்லாரு முன்னாடியும் எப்படிச் சொல்றது?"

பேசாமல் சொல்லியே தொலைத்திருக்கலாம்.

இரவுச் சாப்பாட்டில் பத்ரி அவளிடம், "எப்படி மேடம் கண்டுபிடிக்கறீங்க? எங்க கண்ணுல படவே மாட்டேங்குதே?" என்று கேட்டார். அவளுக்கு அது போதும், ஆரம்பித்துவிட்டாள்.

"இருபத்தஞ்சு வருசம் பரீட்சை ஹால்ல நின்னவளுங்க நானு. எல்லாப் புள்ளைங்க கையும் ஒரே மாதிரி அசையும். பிட்டு வெச்சிருக்கறவன் கை மட்டும் வேற மாதிரி அசையும். இங்கியும் அதேதானுங்க. எந்த எலை வேற மாதிரி அசையுதுன்னு பாக்கறேன்."

"பிட்டைப் பிடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"உடனே புடிக்க மாட்டேன். அவன் பெஞ்சுகிட்டப் போயி நிப்பேன். அவனப் பாக்காம, மேல ஃபேனப் பாத்துட்டு நிப்பேன். அவனா எடுத்துக் குடுத்தான்னா சத்தமில்லாம வாங்கிட்டு வேற பேப்பர் குடுத்துருவேன், எழுதுடான்னு. பெல் அடிக்கற வரைக்கும் டைமு."

"குடுக்கலைன்னா?"

"பெல் அடிச்சதுக்கப்புறம் நான் ஒருத்தனுக்கும் டைம் குடுத்ததில்லீங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் நூறு தடவை கேட்ட கதை. இன்னொரு மீன் துண்டு போட்டுக்கொண்டேன்.

பிப்ரவரி 9, வெள்ளி

காலையில் வேனில் ஏறும் முன் செல்வின் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, ஏப்ரல்ல நிக்கோபார் போறோம். படகுலயே தங்கிப் பறவைக் கணக்கெடுப்பு. ஒரே ஒரு எடம் இருக்கு."

பதினோரு வருட உழைப்பு வீண்போகவில்லை என்று நினைத்தேன். "நான் ரெடி செல்வின்" என்றேன். ஏப்ரலில் ஒரு கல்யாணம் இருக்கிறது, அதைக் கூடத் தள்ளிவிடலாம் என்றேன்.

அவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

"இல்ல அண்ணாச்சி... அக்காவுக்குக் கேக்குதேன். அந்த மாதிரிக் கண்ணு எங்களுக்கு வேணும். நேரா நானே கேட்டா மரியாதையா இருக்காதுல்லா, நீங்க ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. ஞாயித்துக்கெழம நீங்க ஃபிளைட் ஏறுததுக்குள்ள பேரு குடுத்தாப் போதும்."

வயிறு எரிந்தது. என் டைரியில் எனக்கென்ன வெட்கம்? எரிந்தது. லென்ஸ் வாங்கியவன் நான், விடியற்காலையில் எழுந்து சேற்றில் நின்றவன் நான், லத்தீன் பெயர்களை மனப்பாடம் செய்தவன் நான். முந்தாநாள் பைனாகுலரைக் கையில் பிடித்தவள் அவள். அதுவும் என் பைனாகுலர்.

"அவளுக்கு முட்டி வலி செல்வின். படகுல எல்லாம் ஏறி எறங்க முடியாதுங்க" என்றேன்.

"அப்படியா? நடக்குத நடையப் பாத்தாத் தெரியலையே" என்றார் அவர்.

"வெளிய காட்டிக்க மாட்டா."

அவளுடைய நல்லதுக்குத்தான் சொன்னேன். கடல், கொசு, படகுச் சாப்பாடு. பிரஷர் மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பது? முட்டி வலி இப்போது இல்லைதான். ஆனால் இந்த வயதில் எந்த நாளும் வரக்கூடியது.

பிப்ரவரி 10, சனி

காட்டுப் பாதையில் செல்வின் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து தெய்வானைக்குப் போட்டார். "அக்கா, முட்டு வலியோட நிக்காதிய. ஒக்காந்தே பாருங்க" என்றார். அவள் நாற்காலியைப் பார்த்தாள், செல்வினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அட ஆமாங்க, வலிதான்" என்று உட்கார்ந்துகொண்டாள்.

பிறகு அவரும் அவளும் கொஞ்ச நேரம் தனியாக ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். பறவையைப் பற்றித்தான் இருக்கும்.

மாலையில் ஓடைப் பக்கம் நாற்காலியில் இருந்தபடியே தெய்வானை இடது பக்கம் கையைத் தூக்கினாள். எல்லோரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். நான் நகரவில்லை. வலது பக்கப் புதரில் எனக்கு ஏதோ அசைவது தெரிந்தது. எல்லோரும் போகிற பக்கம் நானும் போக வேண்டுமா என்ன? புதரில் இருந்தது ஓணான். இடது பக்கம் வந்தது கானாங்கோழி.

ஓடை ஓரமாக நடந்து வந்து, தண்ணீர் குடித்து, திரும்பிப் போயிருக்கிறது. பத்ரி படம் எடுத்துவிட்டார். கூர்மையான படம், கண்ணில் வெளிச்சப் புள்ளி கூட விழுந்திருக்கிறது. நாள்காட்டி அட்டைக்கே எடுத்தது போல. "சூப்பர் சார்" என்று சொன்னேன். சொல்லும்போது பல் வலித்தது, பல் டாக்டரிடம் சொல்லத் தோன்றவில்லை.

இந்தக் குழுவில் கானாங்கோழியைப் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

அறைக்கு வந்ததும், "ஏனுங்க, முட்டி விண்ணு விண்ணுனு தெறிக்குது. தைலம் தேச்சு உடறீங்களா?" என்றாள். தேய்த்துவிட்டேன். "இன்னும் கொஞ்சம் அழுத்தி" என்றாள். அழுத்தினேன். "அந்த முட்டியும்" என்றாள். பாவம், நிஜமாகவே வலி இருந்திருக்கிறது. என்னிடம் மறைத்திருக்கிறாள். ஆக நான் செல்வினிடம் சொன்னது பொய்யே இல்லை. இப்போதுதான் மனது லேசாகிறது.

இதை எழுதும்போது என் நாற்காலிப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏதாச்சும் சொல்லோணுமாங்க?"

"என்ன சொல்ல?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

போகவில்லை. மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏதாவது சத்தம் வருகிறதோ என்று நானும் பார்த்தேன். நன்றாகத்தான் சுற்றுகிறது.

பிப்ரவரி 11, ஞாயிறு
விடியற்காலை

கடைசி நாள். மதியம் விமானம். எனக்காக மட்டும் செல்வின் மறுபடி ஓடைக்கு வேனை எடுக்கச் சொல்லியிருக்கிறார். இன்று விட்டால் இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு
வேனில், திரும்பும் வழியில்

வேன் குதிக்கிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

பார்க்காதவன் என்பதால் என்னை முன்னால் நிற்க வைத்தார்கள். ஓடைக்கு நடுவே ஒரு தட்டைப் பாறை, அதன் மேல் நானும் என் கேமரா முக்காலியும். மற்றவர்கள் கரையில் பின்னால். அங்கிருந்து எதிர்க்கரைப் புதர் நன்றாகத் தெரிந்தது. கண்ணை லென்ஸில் வைத்தவன் எடுக்கவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் தெய்வானையின் கை மேலே போனதாம். நான் பார்க்கவில்லை, என் கண் லென்ஸில். புதரிலிருந்து செம்பழுப்பாக ஒன்று வெளியே வந்தது. நான் விரலை அழுத்தும் முன் அது நேராக என்னை நோக்கி நடக்க ஆரம்பித்தது. என் லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. தூரத்தில் இருப்பதை மயிரிழை பிசகாமல் காட்டும், பதினைந்து அடிக்கு உள்ளே வந்துவிட்டால் எல்லாம் மங்கல்தான். கோழி வந்துகொண்டே இருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரு பழுப்பு மூட்டம், அவ்வளவுதான். பிறகு அந்த மூட்டமும் லென்ஸுக்குக் கீழே போய்விட்டது. அது என் பாறையிலேயே ஏறி, என் ஷூவுக்கு முன்னால் நின்றதாகச் சொல்கிறார்கள்.

"கேமராவ உடுங்க, கீழ பாருங்க" என்று பின்னாலிருந்து தெய்வானையின் குரல் மெதுவாக வந்தது.

வேறு யார் சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேன். இதையும் அவள்தான் எனக்குக் காட்ட வேண்டுமா என்று ஒரு எரிச்சல் வந்தது. பின்னால் நகர்ந்தால் லென்ஸுக்குத் தூரம் கிடைக்கும் என்று முக்காலியோடு ஓரடி பின்னால் வைத்தேன். அங்கே பாறை இல்லை.

ஓடையில் உட்கார்ந்தேன். இடுப்பு வரை தண்ணீர். லென்ஸைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துவிட்டேன், அது நனையவில்லை. கோழி போயே போய்விட்டது.

அடுத்து நடந்ததுதான் விஷயம். தெய்வானை சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு, அதிலிருந்து என் பாறைக்கு, மான் மாதிரி தாவி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"மேடம், முட்டி! முட்டி!" என்று பத்ரி கத்தினார்.

தெய்வானை நின்று, "அட ஆமா" என்று முட்டியைப் பிடித்துக்கொண்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மேலே மரத்தைப் பார்த்தாள்.

கரைக்கு வந்ததும், "அண்ணாச்சி, விழுந்தா விழுந்துட்டுப் போவுது. கோழியப் பாத்தாச்சுல்லா? காலுக்குக் கீழயே வந்துச்சே!" என்றார் செல்வின். ஏழு முகமும் என்னையே பார்த்தன. பத்ரி கூட ஆசையாகத்தான் பார்த்தார்.

"பாத்தாச்சு, பாத்தாச்சு" என்றேன்.

எல்லோரும் கை தட்டினார்கள். தெய்வானை மட்டும் தட்டவில்லை, என் சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து வேனின் கூரையையே பார்த்துக்கொண்டு வருகிறாள். அங்கே என்ன இருக்கிறது? ஃபேன் கூட இல்லை.

ஃபேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு
விமான நிலையம்

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நாற்காலி போட்ட நேரத்திலிருந்தே தெரிந்திருக்கிறது. நேற்று நான் தைலம் தேய்த்தது வலியே இல்லாத முட்டிக்கு.

பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்று, எனக்கு நேரம் கொடுத்திருக்கிறாள். நான் மின்விசிறியில் சத்தம் வருகிறதா என்று பார்த்திருக்கிறேன்.

வேனில் மீதி வழி முழுக்க இதையே யோசித்தேன். சொன்னால் அவள் நிக்கோபார் போவாள். திரும்பி வந்து எங்கள் குழுவில் படம் போட்டுப் பேசுவாள், நான் வாசலில் டீ கொடுத்துக்கொண்டு "தெய்வானை டீச்சர் வீட்டுக்காரர்" என்று நிற்பேன். நினைத்தாலே உடம்பு எரிகிறது. சொல்லாவிட்டால்? பெல் அடித்த பிறகு அவள் கத்த மாட்டாள், திட்ட மாட்டாள். பிட்டோடு மாட்டிய பையன்களைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவர்கள் அவளுக்கு முடிந்து போனவர்கள். எனக்கு அது வேண்டாம். எரிச்சலோடு கூட இருந்துவிடலாம், அப்படி ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது.

விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கினார்கள். செல்வின் ஒவ்வொருவரிடமாகக் கை கொடுத்து வந்தார். என் முறை வந்தது. தெய்வானை என் பக்கத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே கூரையில் நிஜமாகவே பெரிய ஃபேன் இருக்கிறது.

"செல்வின், அவளுக்கு முட்டி வலியெல்லாம் கெடையாதுங்க" என்றேன். "நான்தான் பொய் சொன்னேன். பொறாமை. நிக்கோபாருக்கு அவ பேரக் குடுத்துருங்க."

செல்வின் தலையைச் சொறிந்தார். "தெரியும் அண்ணாச்சி. பத்ரி சார் அந்த எடத்த ரெண்டு மட்டம் கேட்டாவ. அக்காதான், ஞாயித்துக்கெழம ஃபிளைட் ஏறுத வரைக்கும் யாருக்கும் குடுக்காதியன்னு சொல்லி வச்சிருந்தாவ."

தெய்வானை ஃபேனிலிருந்து கண்ணை இறக்கினாள்.

"ஏம்புள்ள, நான் சொல்லாம இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"பத்ரி டாக்டரு போயிருப்பாருங்க. நான் போயிருக்க மாட்டேன்." பெட்டியின் கைப்பிடியை இழுத்துக்கொண்டாள். "உங்க கூடவும் இனி எங்கியும் வந்திருக்க மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை, பால்காரனிடம் நாளைக்கு ஒரு லிட்டர் போதும் என்று சொல்வது போலச் சொன்னாள். பிறகு செல்வினிடம் படகில் என்னென்ன கொண்டு வர வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். நான் டிராலி தேடிப் போனேன்.

பிப்ரவரி 11, ஞாயிறு
விமானத்தில்

ஜன்னல் இருக்கை என் பேரில்தான் இருந்தது. அவளை உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள்.

விமானம் ஓடுபாதைக்குப் போகும் முன் வெகுநேரம் நின்றது. பேசுவாள் என்று பார்த்தேன். தலையைச் சாய்த்து, மேலே பெல்ட் போடச் சொல்லும் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. என்னிடம் இன்னொரு பிட்டும் இருக்கிறது.

"தெய்வானை."

"ம்."

"அந்தக் கோழிய நான் பாக்கல."

"தெரியுங்க" என்றாள். "ஒரு கண்ணு கேமராவுல இருந்துச்சு. இன்னொரு கண்ண இறுக்கி மூடிட்டு இருந்தீங்க. அது உங்க ஷூ லேசக் கொத்திப் பாத்துட்டுப் போச்சு."

"லேசக் கொத்துச்சா?"

"ரெண்டு கொத்து."

காலைக் குனிந்து பார்த்தேன். லேஸ் இன்னும் ஈரமாக இருந்தது. பதினோரு வருடம் தேடி அலைந்ததில் ஒரு பறவை என்னைத் தொட்டது இது ஒன்றுதான், அதையும் பார்த்தவள் அவள். வயிறு மறுபடி எரிந்தது. அது அவ்வளவு சீக்கிரம் அணையாது போலிருக்கிறது.

"எப்படி இருந்துச்சு, சொல்லு" என்றேன்.

சொன்னாள். மூக்கு மாங்காய்ப் பச்சை என்றாள். கண் சிவப்பு, வயிற்றில் வெள்ளைக் கோடுகள், நடக்கும்போது வாலை விசுக் விசுக்கென்று ஆட்டும், தப்புச் செய்துவிட்டு வராந்தாவில் நடக்கிற பையன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து நடக்கும் என்றாள். பத்ரியின் படத்தில் இதெல்லாம் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். இந்த முறை இரண்டு கண்ணையும் மூடினேன்.

அவள் கழுத்தில் தொங்கிய பழைய பைனாகுலரைக் கழற்றி வாங்கிக்கொண்டு என்னுடையதை அவள் மடியில் வைத்தேன். "ஏப்ரலுக்கு இத எடுத்துட்டுப் போ. அதுல பூஞ்ச" என்றேன்.

"மொத நாளே பாத்தேங்க" என்று சொல்லிவிட்டு எடுத்து மாட்டிக்கொண்டாள்.

விமானம் கிளம்பி மேலேறியது. காடு சரிந்து கரை வந்தது, கரையை ஒட்டிப் பச்சைத் தண்ணீர். தெய்வானை ஜன்னலோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். திடீரென்று, விமானத்துக்குள் என்பதையும் மறந்து, அவள் கை மெதுவாக மேலே போனது.

நான் அவள் தோளுக்கு மேலே குனிந்து பார்த்தேன். எனக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

"எங்கே?" என்று கேட்டேன்.